ஐந்நூறு செடியும் ஏழு வெள்ளாடும்

பனியன் கம்பெனியில் கழிக்கிற வேஸ்ட் துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து நாடாவாகப் போட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்ட எங்கள் ஊரில் யாரும் கயிறு வாங்குவதில்லை. பத்து நாடா கிழித்தால் ஒரு வரி எழுதலாம் என்று எனக்கு நானே ஒரு ஏற்பாடு. செடி வளர்க்கிற தொழிலைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதில் செடியைத் தவிர மற்ற எல்லோரும் நன்றாக வளர்வார்கள்.

கம்பெனித் தோட்டங்களில் குடமும் குழாயுமாக அலைகிற அக்கா தங்கச்சிமாரே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் செல்வி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திருப்பூர் வந்தவள். ஏழாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் சேர்ந்து பார்த்தால் எனக்குப் பேச வராது. முதலில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டினேன், அதாவது தைத்த துணியில் தொங்குகிற நூலைக் கத்தரிப்பது. அந்த ஹாலுக்குள் குழந்தையைக் கொண்டுபோகக் கூடாது. குழந்தைக் காப்பகம் உண்டு. சுவரில் யானை, முயல் எல்லாம் வரைந்து பூட்டி வைத்திருக்கிறார்கள், விருந்தாளி வந்தால் திறப்பார்கள். அதனால் பாப்பாவை வீட்டுக்குப் பக்கத்து ரூமில் இருப்பவர்களிடம் விட்டுப் போனேன். ஒருநாள் வேலை முடிந்து திரும்பும்போது, லாரி போகிற ரோட்டோரத்தில் தனியாக நின்று என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். மூன்று வயது அவளுக்கு.

அந்த வாரம்தான் கம்பெனியில் கிரீன் செக்‌ஷன் தொடங்கினார்கள். செக்‌ஷன் என்றால் நானும், ஒடிசாவிலிருந்து வந்த சுனிதாவும். கம்பெனிக்குப் பின்னாலிருக்கிற ஓடையில் ஐந்நூறு மரச்செடி வைத்து வளர்க்க வேண்டும். வெளிவேலை என்பதால் பாப்பாவைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். மேனேஜர் சிவக்குமார் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "நம்மகிட்ட துணி வாங்குற வெளிநாட்டுக்காரங்களுக்காகத் தை மாசம் ஆடிட் வருவாங்கம்மா. அன்னைக்குப் பாதிச் செடியாவது உசுரோட நிக்கோணும். இல்லீன்னா செக்‌ஷனும் இல்ல, ரெண்டு பேரும் பழையபடி கத்தரியை எடுத்துக்கலாம்." ஆக, என் பாப்பாவை ஐந்நூறு செடியின் வேரில் கட்டிவிட்டார்கள்.

மேற்கே பெய்த மழை

வைகாசிக் கடைசியில் செடி நடும் விழா. பந்தல், மைக், எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பச்சை டீ ஷர்ட். சிவக்குமார் சார் மைக்கைப் பிடித்து, "கேரளாவுல தென்மேற்குப் பருவமழை தொடங்கிருச்சுன்னு டிவியில சொல்லிட்டாங்க, நாமளும் தொடங்கிடுவோம்" என்றார். எல்லோரும் கை தட்டினோம். உங்களுக்குத் தெரியும், அந்த மழையை மேற்கே மலை வாங்கி வைத்துக்கொள்ளும். மேகம் மட்டும் நம் தலைக்கு மேலே வெறுங்கையோடு கிழக்கே போகும். நமக்கு வருவது காற்று. உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சந்தோஷமாகச் சுற்றும். நமக்கு மழை என்றால் அது ஐப்பசியில்தான். இதெல்லாம் டிவியில் சொல்வதில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் காடு வைத்திருக்கிற சரஸ்வதியக்கா ஏழு வெள்ளாட்டோடு நின்று விழாவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். காடு என்றால் இங்கே விவசாய நிலம். சார் பேசி முடித்ததும் அக்கா மரியாதையாகவே கேட்டார்: "ஏனுங்க சார், மழை கேரளாவுல பெய்யுதுங்க. குழி எதுக்குங்க இங்க வெட்டியிருக்கீங்க?"

முதலாளியின் வேம்பு

ஒவ்வொரு செடிக்கும் முன்னால் ஒரு போர்டு. நட்டவர் பேர், பதவி, சிரிக்கிற போட்டோ. செடி சாண் உயரம், போர்டு முழ உயரம். வெயிலுக்குச் செடிக்கு ஏதாவது நிழல் கிடைத்தது என்றால் அது போர்டு நிழல்தான்.

ஆடிக் காற்றில் எல்லாச் செடியும் கிழக்குப் பார்த்துச் சாய்ந்தன, பிறகு காய்ந்தன. சாகாத செடியாகப் பார்த்து வாங்க சாருக்கு ஏது நேரம்? காய்ந்ததைப் பிடுங்கிவிட்டு, நர்சரியில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதைக் கொண்டுவந்து அதே குழியில் வைக்கச் சொல்வார். நானும் சுனிதாவும் காலையில் வந்து முதலில் செய்வது செத்ததைப் பொறுக்குவதுதான். முதலாளி பேர் போட்ட குழியில் மட்டும் மூன்று முறை செடி மாற்றினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியே வந்துவிட்டார். நல்ல மனுஷர், காட்டு வேலை செய்து மேலே வந்தவர், எங்களையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். தன் போர்டுக்கு முன்னால் குனிந்து ஒரு இலையைத் தடவிப் பார்த்தார். சார் அவசரமாக, "பிஞ்சுல ஒரு மாதிரி இருக்குமுங்க, வளர வளர இலை மாறுமுங்க" என்றார். முதலாளி நிமிர்ந்தார். "நா வெச்சது வேம்புங்க. இங்க நிக்கிறது பூவரசுங்க. எங்கப்பாரு நாப்பது வருசம் காடு ஓட்டுனாரு, அவருக்கு ஒருக்காகூட இப்படி மாறலீங்களே?"

லாரிக்கு யார் ஊற்றுவது

ஆவணியிலும் மழை இல்லை. தினம் ஒரு லாரித் தண்ணி வர ஆரம்பித்தது. குழாயை இழுத்துக்கொண்டு நானும் சுனிதாவும் ஓடைக்குள் இறங்குவோம். பாப்பா ஒரு டீ டம்ளரில் பிடித்துத் தன் பங்குக்கு ஒரு செடிக்கு ஊற்றுவாள். அந்தச் செடியும் செத்தது. பாப்பாவிடம் அது தூங்குகிறது என்று சொன்னேன். சாரிடம் கற்றுக்கொண்டது.

இந்தத் தண்ணி எங்கிருந்து வருகிறது என்று லாரி டிரைவரை ஒருநாள் சுனிதா கேட்டாள். எனக்கு அந்தத் தைரியம் வராது. அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, ஒரு தென்னந்தோப்புக் கிணற்றிலிருந்து எடுப்பதாகவும், கிணறு வற்றித் தென்னை மட்டையெல்லாம் தொங்கிப்போனதால் அடுத்த வாரம் வேறு தோப்புக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார். ஒரு சாண் செடிக்காக முப்பதடி மரம் காய்கிறது. சுனிதாவின் ஊர் காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். அங்கே யாரும் மரத்துக்குத் தண்ணி ஊற்றிப் பார்த்ததே இல்லையாம். அவள் குழாயைக் கீழே போட்டாள். "அக்கா, மரத்துக்கு லாரி ஊத்துது. லாரிக்குக் கெணறு ஊத்துது. கெணத்துக்கு யார் ஊத்துது?"

போர்டு போன தூரம்

ஐப்பசியில் ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. கொட்டு கொட்டென்று மூன்று நாள் கொட்டியது. ஐந்து மாதமாக நாங்கள் வாயில் தண்ணி விட்டுக் காப்பாற்றிய செடிகள், நிஜமான தண்ணி வந்த அன்றைக்கு ஒட்டுமொத்தமாகப் போய்விட்டன. ஏனென்றால் நாங்கள் வைத்திருந்தது ஓடைக்கரையில் இல்லை, ஓடைக்குள்ளே. கரை என்றால் யாருக்காவது சொந்தமாக இருக்கும். ஓடை சும்மா கிடக்கிறது என்று சார் நினைத்திருந்தார். அது சும்மா கிடக்கவில்லை, மழைக்காகக் காத்துக் கிடந்தது.

வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். வண்டல், பிளாஸ்டிக், சாயம் போகாத பனியன் துண்டுகள். செடி ஒன்றுகூட இல்லை. தைக்கு இரண்டரை மாதம்தான். எனக்குக் கத்தரிச் சத்தம் காதில் கேட்டது. பாப்பா ரோட்டோரம் நின்றது கண்ணில் வந்தது. சாரும் தலையில் கை வைத்து நின்றார். அப்போது சரஸ்வதியக்கா சேறு வழிகிற ஒரு போர்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அதில் சார் சிரித்துக்கொண்டிருந்தார். "தடுப்பணையில ஒதுங்கிக் கெடந்துதுங்க. உங்க பேரு மூணு மைல் போயிருச்சுங்க சார். செடி இன்னும் வந்து சேரலீங்க."

உழைப்பு தெரிகிற இலை

கார்த்திகையில் ஓடை முழுக்கப் பச்சை. நாங்கள் வைக்கவில்லை. ரோட்டு மேட்டிலிருக்கிற சீமைக்கருவேல மரத்து நெத்தை அக்காவின் ஆடுகள் தின்னும். கொட்டை செரிக்காமல் புழுக்கையோடு விழும். அது ஈர வண்டலில் முளைத்துவிட்டது. தையில் என் இடுப்பு உயரம். ஊர் ஊராக வேரோடு பிடுங்கச் சொல்கிற அதே முள் மரம்தான். சார் வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. ஸ்டோரிலிருந்து புதுப் போர்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று ஊன்றச் சொன்னார்.

ஆடிட்டர் சென்னைக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். வெயிலிலும் சிரித்த முகமாக நடந்து நடந்து போட்டோ எடுத்தார். பிறகு சாரை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தார். "நீங்கதானே தண்ணி ஊத்துறது? இதெல்லாம் நீங்க வெச்ச மரம்தானே?" என்றார். சார் என்னைப் பார்த்தார். சுனிதா தரையைப் பார்த்தாள். பாப்பா என் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் வாய் எச்சில் என் தோளில். எனக்குப் பேச வராது என்று முன்னாலேயே சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார், நகத்தில் மண் இருந்ததையும் பார்க்காமல். "இவ்வளவு வறட்சியிலயும் எப்படி வளர்த்திருக்கீங்க! உங்க உழைப்பு ஒவ்வொரு இலையிலயும் தெரியுதுங்க."

ஆட்டுக்கு வேலி

சர்டிபிகேட் வந்தது. கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினார்கள். கிரீன் செக்‌ஷன் இன்னும் ஒரு வருஷத்துக்கு உண்டு என்று சார் சொன்னார். அன்றைக்குப் பாப்பாவுக்குப் பன் வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே ஓடையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள், ஆடு மேய்ந்துவிடக் கூடாதாம். நெத்தைத் தின்னுமே தவிர, ஆடு வாய் வைக்காத இலை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சரஸ்வதியக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். முதலில் சிரித்தார். "ஏன் அம்மிணி, எங்க ஆடு போட்ட புழுக்கைக்கு உங்க கம்பெனிக்கு சர்டிபிகேட்டா? ஆட்டுக்கு ஒரு மாலையாச்சும் போடச் சொல்லு." நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் கிணற்றைக் காட்டினார். ஓடையிலிருந்து முப்பது அடி தூரம்தான். இந்த மரத்தின் வேர் தண்ணியைத் தேடிக்கொண்டு எவ்வளவு ஆழமும் போகும் என்பது எனக்கும் தெரியும், எங்கள் ஊரே இதனால் கெட்டது. நான் பாப்பாவின் சட்டைப் பித்தானைப் போடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அக்கா குரலை உயர்த்தவே இல்லை: "ரெண்டு வருசத்துல எங் கெணறு வத்திப்போயிரும் அம்மிணி. நீ தலையாட்டுனயாமா?"

இரண்டு உத்தரவு

நேற்று பஞ்சாயத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓடையிலிருக்கிற சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்து வேரோடு எடுக்கப் போகிறார்களாம். அக்கா மனுக் கொடுத்திருக்கிறார். மேல் ஆபீசில் ஒருத்தர் பிடுங்கச் சொல்கிறார், எங்கள் ஆபீசில் ஒருத்தர் காப்பாற்றச் சொல்கிறார், இரண்டுமே சுற்றுச்சூழலுக்காகத்தான். சுனிதா தன் பாஷையில் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு வழி சொல்லிக் கொடுத்தார். அவர் முன்னால் வந்தால் பிரச்சினை பெரிதாகிவிடுமாம். பொம்பளை, அதுவும் இடுப்பில் குழந்தையோடு, போய் நின்றால் யாரும் எதுவும் பேச மாட்டார்களாம். "மெஷின் வந்தா முன்னால போயி நில்லும்மா. யாரு கேட்டாலும், இது சர்டிபிகேட் வாங்குன மரம், நாந்தான் வெச்சு வளத்தேன்னு சொல்லு. நீ ஏற்கெனவே ஒருக்கா சொன்னதுதான?"

இத்தனைக்கும் பிறகு இந்தத் தொழிலில் நான் தெரிந்துகொண்டதை ஒரே வரியில் சொல்வதென்றால், எங்கள் பக்கத்தில் மரத்தை வளர்ப்பது மழையும் இல்லை, மண்ணும் இல்லை, நானும் இல்லை, ஆட்டு வயிறும் ஆடிட்டர் கண்ணும்தான் என்றாலும், கடைசியில் அந்த மரத்துக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்று பார்த்தால் — இதோ, சுனிதா ஓடையிலிருந்து கத்துகிறாள், "செல்வியக்கா, மெஷின் வந்துருச்சு, இது யார் வெச்ச மரம்னு டிரைவர் கேக்குது, அந்த ஆட்டுக்கார அக்காவும் நிக்குது, நீ வந்து சொல்லு!" என்று, பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டேன், இந்த முறை தலையாட்டினால் போதாது, வாயைத் திறந்துதான் ஆக வேண்டும், போய் அவர்களிடம் நான் —