கரடியூரிலிருந்து போன ஆங்கிலேயப் பெண்

நான் ஆங்கிலேயப் பெண்ணாக இருந்தது மொத்தம் ஒன்பது வாரங்கள். அதுவும் அமெரிக்காவில்.

அதற்கு முந்தைய வருடம்தான் உதவித்தொகை கிடைத்து, இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்திருந்தேன். லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் போக வேண்டிய ஊர். ஆனால் ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான கரடியூரில் எல்லோருக்கும் நான் லண்டனில் படிக்கிற ரைட்டர் மகள். அப்பா ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவர். அது லண்டன் இல்லை என்று அவரிடம் பல தடவை சொல்லிப் பார்த்தேன்.

"தெரியும் கண்ணு. ஜீப்புல கூட வர்றவங்களுக்கு அத்தனையும் விளக்கிச் சொல்றதுக்குள்ள ஏற்காடு வந்துருது" என்றார்.

கோடை விடுமுறையில் என்னுடன் படிக்கிறவர்கள் பலர் அமெரிக்காவில் குழந்தைகள் முகாம்களில் வேலைக்குப் போவார்கள். நானும் விண்ணப்பித்தேன். விண்ணப்பத்தில் கல்லூரி இருக்கும் நாடு என்று ஒரு கட்டம் இருந்தது. இங்கிலாந்து என்று எழுதினேன். அந்தக் கட்டத்துக்குக் கீழே, சொந்த நாடு உட்பட, எழுதியிருந்த எதையும் அமெரிக்காவில் யாரும் படிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

வேலை கிடைத்ததும் வீட்டுக்குப் பேசினேன். அம்மாதான் எடுத்தார்.

"என்ன வேலை கண்ணு?"

"பிள்ளைங்களப் பாத்துக்கோணும்மா. மலைமேல, காட்டுக்குள்ள பலகை ஊடு கட்டி வெச்சிருக்காங்க. பத்துப் பிள்ளைங்களோட நானும் அங்கயே தங்கோணும். பொழுதுபோனா தீ மூட்டிச் சுத்தி உக்காந்து பாடோணும்."

"கரண்டு இருக்குதா?"

"சாப்பாட்டு ஹால்ல இருக்குதாம். தங்கற ஊட்டுல இல்ல."

"அப்ப இங்கயே இருந்திருக்கலாமே சாமி. இதுக்கு எதுக்கு அத்தனை தூரம் போற?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அமெரிக்கான்னு மட்டும் வெளிய சொல்லு. பலகை ஊடு, தீ மூட்டறது, இதெல்லாம் நமக்குள்ள இருக்கட்டும்."

ஜூன் மாதம் போய் இறங்கினேன். பெரிய நகரத்திலிருந்து பஸ்ஸில் நான்கு மணி நேரம். மலையடிவார நிறுத்தத்தில் முகாமின் இயக்குநர் காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், ஓயாமல் சிரித்துக்கொண்டே இருக்கும் பெண்மணி. கையில் சின்னதாக ஒரு பிரிட்டிஷ் கொடி. நான் இறங்கி அவர் முன்னால் நின்றேன். அவர் என் தோளுக்கு மேலே எட்டி, எனக்குப் பின்னால் இறங்கியவனைப் பார்த்துக் கொடியை ஆட்டினார்.

இறங்கியவன் அசல் ஆங்கிலேயன். செம்பட்டை முடி, வெயில் பட்டுச் சிவந்த மூக்கு, தோளில் கிழிந்த பை. அவனும் என்னைப் போல முகாமில் வேலை செய்ய வந்த மாணவன்தான். என் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். அந்தப் பக்கத்து ஆட்கள் பேசுவது லண்டன்காரர்களுக்கே பாதிதான் புரியும். கடைக்கும் பஸ்ஸுக்கும் போய்ப் போய் எனக்குப் பழகியிருந்தது. அவன் பேச்சை எழுத்துத் தமிழில் எழுதினால் பொய்யாகிவிடும். எங்களூர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன்.

"பஸ்ஸு நொம்ப ஆட்டமுங்க. வவுறே கலங்கிப் போச்சு" என்றான் இயக்குநரிடம்.

அவர் சிரிப்பு மாறாமல் என் பக்கம் திரும்பினார். "எந்த நாட்டுக்காரர் இவர்?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். என் ஆங்கிலம் ஏற்காட்டில் கன்னியாஸ்திரிகளிடம் கற்றது. ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக உச்சரிக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து சொல்ல வைப்பார்கள். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "தொலைக்காட்சியில் வரும் அரண்மனைக்காரர்கள் பேசுவது போலவே இருக்கிறது" என்று சொல்லிக் கொடியை என் கையில் கொடுத்தார்.

முகாமை எட்டுவதற்குள் வேலை பிரித்தாகிவிட்டது. தினமும் நான்கு மணிக்கு நடக்கும் 'ஆங்கிலத் தேநீர் நேரம்' என் பொறுப்பு. குழந்தைகளுக்கு அவன் பேசுவது புரியாது என்பதால் அவனுக்குச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலை.

காப்பிச் செடிக்கு நடுவில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால்தான் டீ. அங்கே டீ என்பது நூல் கட்டிய பொட்டலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைப்பது. முதல் நாள் குழந்தைகள் ஒரு வாய் குடித்துவிட்டுப் புல்லில் ஊற்றினார்கள். மறுநாள் நான் பொட்டலங்களைக் கத்தரித்துத் தூளைப் பாலில் கொட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, அம்மா கொடுத்துவிட்ட ஏலக்காயையும் போட்டு, பொங்கப் பொங்கக் கொதிக்க வைத்து, இரண்டு டம்ளர்களில் ஆற்றிக் கொடுத்தேன். குழந்தைகள் வரிசையில் நின்று வாங்கினார்கள். இயக்குநர் அறிவிப்புப் பலகையில் 'நூற்றாண்டுகள் பழமையான ஆங்கில முறை' என்று எழுதினார். செம்பட்டை முடிக்காரன் சமையலறை வாசலில் நின்று ஒரு டம்ளர் குடித்தான்.

"எங்கூர்ல இப்படி ஆரும் போடமாட்டாங்க. ஆனா நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டேனுங்க" என்றான்.

இரண்டாம் வாரம் ஊழியர்கள் எல்லோரும் தங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார்கள். நான் உண்மையையே சொன்னேன். இந்தியா, மலை, காப்பி, மிளகு. யாரும் அசையவில்லை. ஊர்ப் பெயருக்கு என்ன பொருள் என்று ஒருவர் கேட்டார். கரடிகளின் ஊர் என்றேன். இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்த மலையில் கருங்கரடிகள் உண்டு. குழந்தைகளுக்குக் கரடிப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க அவர்களுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

நான் கரடியை ஒரே ஒரு தடவை, உயிரியல் பூங்காவில், தூங்கும்போது பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் போனில் கூப்பிட்டேன்.

"நம்மூர்ல கரடி இருந்துச்சுங்களாப்பா?"

"அந்தக் காலத்துல இருந்துச்சும்பாங்க. நான் பாத்ததில்ல. காட்டெருமைதான் எஸ்டேட்டுக்குள்ள வருது."

"வந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? ஆபீசுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்குவேன். அதுவா போற வரைக்கும் ஆரு தட்டுனாலும் தொறக்கமாட்டேன்."

இதையே பாடமாக்கினேன். ஓடாதே, கத்தாதே, வரிசையாக உள்ளே போ, கதவைச் சாத்து, நூறு எண்ணி முடிக்கும்வரை யார் தட்டினாலும் திறக்காதே. படம் வரைந்து, பாட்டாகக் கட்டி, தினமும் ஒத்திகை பார்த்தோம். முதுகில் பை மாட்டிய ஓர் ஊழியர் கரடியாக நடித்தார். இயக்குநர் அதைப் படம் எடுத்துப் பெற்றோர்களுக்கு அனுப்பினார். மலைவாசிகளின் அனுபவ அறிவு என்று போட்டிருந்தார். ஆங்கிலேயப் பெண்ணும் மலைவாசியும் ஒரே ஆள் எப்படி என்று ஒரு பெற்றோரும் கேட்கவில்லை.

ஆறாவது வாரம் அசல் கரடி வந்தது. நான்கு மணி, நல்ல வெயில். வெளியே மேசையில் டீயும் திறந்த சர்க்கரை டப்பாவும் இருந்தன. மரங்களுக்கு இடையிலிருந்து கறுப்பாக, நான் நினைத்ததைவிடச் சின்னதாக, ஆனால் நிச்சயமாகக் கரடியாக ஒன்று நடந்து வந்து பெஞ்சில் முன்னங்காலை வைத்தது. குழந்தைகள் பத்துப் பேரும் ஓடவில்லை, கத்தவில்லை. வரிசையாகச் சாப்பாட்டு ஹாலுக்குள் போனார்கள். கதவைச் சாத்தினார்கள். நான் மட்டும் வெளியே நின்றேன்.

கதவைத் தட்டினேன். உள்ளே பாட்டு முடிந்து எண்ணிக்கை தொடங்கியிருந்தது. பதினாறு, பதினேழு.

"நான்தான். கதவைத் திற" என்றேன்.

என் குழுவில் இருந்த ஒன்பது வயதுச் சிறுமியின் குரல் வந்தது. "யார் தட்டினாலும் திறக்கக் கூடாது."

"அந்த யாரில் நான் சேர்த்தியில்லை."

"பாட்டில் அப்படி வரவில்லையே."

முப்பத்தைந்து, முப்பத்தாறு. கரடி சர்க்கரையை முடித்துவிட்டு டீப் பாத்திரத்துக்குள் மூக்கை விட்டது. அப்போது சமையலறைக் கதவு திறந்தது. செம்பட்டை முடிக்காரன் இரண்டு பெரிய வாணலிகளோடு வந்தான். ஒன்றோடொன்றை அடித்துக்கொண்டு, கரடியை நேராகப் பார்த்து, தன் ஊர் ஆங்கிலத்தில் ஒரு நீளமான வாக்கியம் சொன்னான். அதை எங்களூர்ப் பேச்சிலும் எழுத முடியாது. கரடி மூக்கை எடுத்தது, அவனைப் பார்த்தது, வந்த வழியே போனது. அவன் வாணலிகளைக் கீழே வைத்தான். இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். உள்ளே எண்பத்தொன்று.

பெற்றோர்களுக்குப் போகும் அந்த வார மடலில் 'ஆங்கிலேய நிதானம் பத்துக் குழந்தைகளைக் காத்தது' என்று தலைப்பு. கீழே கொடி பிடித்தபடி என் படம். அவனைப் பற்றி ஒரு வரி இல்லை. இயக்குநரிடம் போய், கரடியை விரட்டியது அவன் என்றேன்.

"தெரியும். ஆனால் பெற்றோர்களுக்குச் செய்தி எளிமையாக இருக்க வேண்டும்" என்றார். "அதோடு அவர் சொன்னதை எங்களால் எழுத முடியாது."

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றான். வாணலியைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். அவன் தேய்த்த விதத்தில் பரவாயில்லை என்பது தெரியவில்லை.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"ஒரு நாளாச்சும் இந்தப் பிள்ளைங்க கூட நானும் உக்காந்து பேசோணுமுங்க. ஆறு வாரமா தட்டுக்கிட்டதான் பேசிட்டு இருக்கறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறு வாரமாகக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். அன்றே இயக்குநரிடம் வேலையை மாற்றிக்கொள்கிறோம் என்று சொன்னேன். யோசித்தார். கரடிக்குப் பிறகு நான் சொல்வதை மறுக்க அவருக்குத் தயக்கம் வந்திருந்தது. சரி என்றார்.

கடைசி இரண்டு வாரங்களுக்கும் மேலாக நான் பாத்திரம் கழுவினேன். உண்மையில் அந்தக் கோடையில் நான் நிம்மதியாக இருந்த நாட்கள் அவை. தட்டுகள் எதுவும் என்னை எந்த நாடு என்று கேட்கவில்லை. அவன் டீ ஆற்றக் கற்றுக்கொண்டான். முதல் மூன்று நாள் குழந்தைகளுக்கு அவன் பேச்சு புரியவில்லை. நான்காம் நாள் புரிந்தது. பத்தாம் நாள் அவர்களே அப்படிப் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளைகளை அழைத்துப்போக வந்த அன்று, வக்கீல்களும் மருத்துவர்களுமான பெற்றோர்கள் கார்க் கதவைப் பிடித்தபடி, தங்கள் பிள்ளை என்ன சொல்கிறது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இயக்குநர் என்னைத் தேடி ஓடி வந்தார், மொழிபெயர்க்க.

செப்டம்பரில் கல்லூரி திறக்கும் முன் ஊருக்கு வந்தேன். அப்பா தன் பங்குக்குச் செய்தி பரப்பியிருந்தார். ஏற்காட்டில் காட்டேஜ்கள் கட்டி வாடகைக்கு விடும் சேலத்துக்காரர் ஒருவர் வீடு தேடி வந்தார். விநாயகர் சதுர்த்தித் தொடர் விடுமுறைக்குச் சென்னை, பெங்களூர்க் குழந்தைகளை வைத்து 'அமெரிக்கன் கேம்ப்' நடத்தப் போகிறாராம்.

"ஏனுங்க அம்மணி, அங்க எப்படியோ அப்படியே பண்ணிக் குடுத்துருங்க. ஒண்ணும் மாத்த வேண்டாமுங்க" என்றார்.

நான் சொல்லிக்கொண்டே போனேன். பிள்ளைகளிடம் போன் இருக்காது.

"போன் மட்டும் இருக்கட்டுமுங்க. பேரண்ட்ஸ் வீடியோ காலு பண்ணுவாங்க."

பலகை வீட்டில் தூங்குவார்கள்.

"ஏசி ரூம் போட்டுட்டேனுங்களே."

அவரவர் தட்டை அவரவர் கழுவுவார்கள்.

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். "அது நமக்கு ஆவாதுங்க. அப்புறம் கேசு கீசுன்னு வந்துருமுங்க" என்றார் காட்டேஜ்காரர்.

"மலையில நடப்பாங்களே" என்றேன் கடைசியாக.

"நடக்கட்டுமுங்க" என்றார் தாராளமாக.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலை, இருபது குழந்தைகளை அழைத்துக்கொண்டு அப்பாவின் எஸ்டேட் ஓரமாகக் கொட்டச்சேடு போகும் சாலையில் நடந்தேன். அவர்களுடைய தண்ணீர் பாட்டில்களைச் சுமக்க மூன்று ஆட்கள். பின்னாலேயே பெற்றோர்களின் கார்கள், நடை வேகத்தில், விளக்கைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாகப் படம் எடுத்துக்கொண்டு. பனி இறங்கியிருந்தது. அமெரிக்காவில் பிள்ளைகள் பாடும் பாட்டு ஒன்று பாடச் சொன்னார் காட்டேஜ்காரர். பாடினேன். யாரும் கூடப் பாடவில்லை.

ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. கார்கள் ஒதுங்க இடமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கிக்கொண்டன. ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. நாங்கள் வளைவைத் தாண்டி வந்திருந்தோம். பாட்டில்காரர்களும் பஸ்ஸுக்கு வழிவிடச் சொல்லிக் கத்த அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். பனியில் இருபது பிள்ளைகளும் நானும் மட்டும். சிக்னல் இல்லாததால் போன்கள் பைக்குள் போயின. ஒரு சிறுமி அங்கிருந்த சின்னப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் கல்லை உதறினாள். இரண்டு பேர் காப்பிச் செடிக்குள் எட்டிப் பார்த்து, பச்சைக் காயைப் பறித்து ஒருவர்மீது ஒருவர் எறிந்தார்கள். எல்லோரும் அதையே செய்ய ஆரம்பித்தார்கள். என் மேலும் சில விழுந்தன. நானும் எறிந்தேன். எஸ்டேட்டில் யாராவது பார்த்தால் அப்பாவுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தே எறிந்தேன்.

அங்கே எப்படியோ அப்படியே, பத்து நிமிடம் இருக்கும். அப்புறம் கார்கள் வந்துவிட்டன.