பாதித் தொட்டி

புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள் பிற்பகல், நடுத்தெருக்காரர்கள் மதிவதனியின் டிராக்டரை மறித்தார்கள்.

டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லர், அதன்மேல் கறுப்புத் தொட்டி, மேற்கே உப்பு ஏறாத கிணற்றில் வாய்வரை பிடித்த தண்ணீர். நடுத்தெருவைத் தாண்டி வாய்க்கால் கரையோடு போனால் கீழத்தோப்பு, அவள் பிறந்த ஊர். கடல் உள்ளே வந்துபோனதில் இரண்டு இடத்து அடிபம்புகளிலும் உப்புத் தண்ணீர்தான் வந்தது. கீழத்தோப்புக்குச் சாலையும் அறுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒண்டியிருக்கும் குழந்தைகள் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வாந்தி எடுக்கின்றன என்று அவளுடைய அம்மா கண்ணாத்தாள் காலையில் போனில் சொன்னாள். அதற்குப் பிறகு போன் போகவில்லை.

மறித்தவர்களுக்கு முன்னால் நின்றவர் துரைராசு. நடுத்தெருவில் நிலபுலன் உள்ளவர். மதிவதனியின் அம்மா நாற்று நட்டதெல்லாம் அவர் வயலில்தான். அவர் கத்தவில்லை. தொட்டியில் பாதியை இங்கே இறக்கு, மீதியைக் கொண்டு போ என்றார். அவருக்குப் பின்னால் குடங்களோடு முழுத் தெருவும் நின்றது. கேட்டதில் தப்பே இல்லை. இரண்டு நாளாக அந்தத் தெருவுக்கும் எந்தத் தண்ணீர் லாரியும் வரவில்லை.

“பாதி தர முடியாதுண்ணே,” என்றாள் மதிவதனி. “தந்தா மீதி கீழத்தோப்பு போய்ச் சேராது.”

“ஏம்மா, உங்க ஆளுங்களுக்கு மட்டுந்தான் தொண்டை காயுதா?” என்றார் துரைராசு.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மையை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. தொட்டி நிறைந்திருந்தால் தண்ணீர் அசையாது. காலியாக இருந்தாலும் கவலையில்லை. பாதியாக இருந்தால்தான் வினை. வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் முழுக்க இடப்பக்கம் ஓடும், நிமிர்த்தினால் மறுபக்கம் போய் முட்டும். போன வருஷம் ஒரு கல்யாணச் சமையலுக்கு இப்படித்தான் பாதித் தொட்டியோடு இதே கரையில் போனாள். திருப்பத்தில் டிரெய்லர் வாய்க்காலுக்குள் சாய்ந்து டிராக்டரின் முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டது. குதித்ததால் பிழைத்தாள். அன்றைக்குக் கரை காய்ந்து கிடந்தது. இன்றைக்கு மூன்று நாள் ஊறிய களிமண்.

இதைச் சொன்னாள். நம்பினவர்கள் குறைவு. தண்ணி குறைஞ்சா பாரமும் குறையத்தானே செய்யும், இது என்ன புதுக் கணக்கு என்று ஒருவன் கேட்டதும் சிலர் சிரித்தார்கள். யாரோ டிரெய்லரின் பின்பக்கம் ஏறிக் குழாயைத் தொட்டார்கள். மதிவதனி இருக்கையிலிருந்து இறங்கிப்போய்க் குழாயின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பதினாறு வயதில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவள் அவள். பதினோரு வருஷம் அங்கே தைத்துச் சேர்த்ததில்தான் இந்தப் பழைய டிராக்டரை வாங்கினாள். பொம்பளை டிராக்டர் ஓட்டுவதைப் பார்த்து முதலில் வேடிக்கை பேசிய தெரு இது. பிறகு உழவுக்கு அவளையே கூப்பிட்டது. குழாயை வளைத்து நிற்கும் முகங்களில் பாதிக்கு மேல், அவள் யாருக்கு வயல் உழுதுகொடுத்தாளோ அவர்களுடையவை. அதனால்தான் பயமாக இருந்தது. தெரியாதவர்கள் என்றால் கத்தி விரட்டியிருக்கலாம்.

பொழுது போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் கடல் ஏறினால் வாய்க்கால் எதிர்த்து வரும், கரை முழுகும். முழுத் தொட்டியையும் இவர்களுக்கே இறக்கிவிட்டுத் திரும்பி மறுநடை அடிக்க நேரமில்லை.

அவளுக்கு ஜீப்காரர்களின் ஞாபகம் வந்தது. பூம்புகார்ப் பக்கம் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் கூடாரம் போட்டுத் தங்குவதற்கு லீவு நாட்களில் வெளியூர்களிலிருந்து வருவார்கள். மணலில் போகிற ஜீப், பின்னால் குட்டி டிரெய்லர். அவர்களுக்குத் தண்ணீர் நிரப்பப் போகும்போது பார்த்திருக்கிறாள். பெரிய தொட்டி ஒன்றுக்குப் பதிலாக மூடிபோட்ட சின்னச் சின்னக் கேன்களை நெருக்கி அடுக்கிப் பட்டையால் இறுக்கியிருப்பார்கள். காசு இருந்தும் ஒரு நல்ல தொட்டி வாங்கத் தெரியவில்லையே என்று அப்போது மனசுக்குள் சிரித்தாள். ஒவ்வொன்றாகக் காலி செய்வார்கள். திறக்காத கேன் எல்லாம் முழுசாகவே இருக்கும். முழுசாக இருப்பது ஆடாது.

துரைராசு வீட்டு வாசலில் அவருடைய நெல் டிரெய்லர் நின்றது. இழுக்கவேண்டிய டிராக்டர்தான் கொட்டகை சரிந்து நசுங்கிக் கிடந்தது.

“அண்ணே, தொட்டிய டிரெய்லரோட இங்கேயே விட்டுடறேன். பாதி உங்களுக்கு. மீதிப் பாதிய உங்க குடத்துலயும் கேன்லயும் ரொப்பி உங்க டிரெய்லர்ல ஏத்திக் கொடுங்க. நான் இழுத்துட்டுப் போறேன்.”

 டிரெய்லரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. குடங்களைப் பற்றித்தான் யோசித்தார்கள். நடுத்தெருக் குடம் ஒன்றுகூட இதுவரை கீழத்தோப்புக்குப் போய், அந்த ஊர்க் கை பட்டுத் திரும்பியதில்லை. எல்லோருக்கும் தெரிந்த அந்த விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.  மதிவதனி குழாயிலிருந்து கையை எடுக்காமல் துரைராசுவையே பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

அவருடைய மனைவி நீலாம்பாள்தான் முதலில் நகர்ந்தாள். இடுப்பிலிருந்த பிளாஸ்டிக் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தாள். “குடத்தோட நானும் வருவேன். எண்ணிக் கொண்டாரணும்ல,” என்றாள், யாரையும் பார்க்காமல்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. பால் கேன், குடிதண்ணீர்க் கேன், குடம் எல்லாம் வந்தன. குடத்தின் வாயில் பாலிதீன் தாளைப் போட்டுச் சைக்கிள் டியூபால் இறுக்கினார்கள். இடைவெளியில் வைக்கோலைத் திணித்தார்கள். மதிவதனி தன் டிரெய்லரைக் கழற்றிக் கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு நெல் டிரெய்லரை மாட்டினாள். தொட்டிய விட்டுட்டுப் போறியே, திரும்பி வந்தா இருக்கும்னு நம்பிக்கையா என்று ஒரு கிழவர் சீண்டினார். உங்க பொண்டாட்டிமாரு குடமெல்லாம் என்கிட்டதானே இருக்கு என்றாள் அவள்.

கரையில் வண்டி ஊர்ந்தது. வாய்க்கால் ஏற்கெனவே கரையின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. நீலாம்பாள் குடங்களுக்கு நடுவே குந்தி இரண்டு கையாலும் அவற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் திருப்பத்தில் பின்சக்கரம் களிமண்ணில் வழுக்கியது. டிரெய்லர் வாய்க்கால் பக்கம் இழுத்தது. மதிவதனி பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, உள்ளே தண்ணீர் ஓடிவந்து முட்டப்போகிற அந்த இரண்டாவது இழுப்புக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. சக்கரம் புயலில் விழுந்து கிடந்த ஒரு சவுக்குக் கட்டையைக் கவ்விக்கொண்டு மேலே ஏறியது.

பள்ளிக்கூட வாசலில் கண்ணாத்தாள் நின்றாள். நடக்கிறாள், பேசுகிறாள். மதிவதனிக்கு அதுவே போதும். சனங்கள் டிரெய்லரைச் சுற்றி வந்தார்கள், ஆனால் யாரும் குடத்தைத் தொடவில்லை. நீலாம்பாள் ஊற்றட்டும் என்று காத்திருந்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை ஒரு டம்ளர், ஒரு டிபன் பாக்ஸ், நசுங்கிய ஒரு வாளி. மற்றதையெல்லாம் கடல் கொண்டுபோயிருந்தது.

நீலாம்பாள் குடங்களைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள்.

“எதுலம்மா ஊத்தறது இவ்வளவு தண்ணிய?”

 கண்ணாத்தாள் மெதுவாகச் சொன்னாள். “குடிக்கிற மட்டும் குடிச்சுக்கறோம் ஆச்சி. மிச்சத்த நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க. உங்க தெருவுல உங்களுக்குப் பேச்சு வந்துடும்.”

நீலாம்பாள் கொஞ்ச நேரம் வைக்கோலைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு தன் குடத்தை எடுத்து டிரெய்லர் விளிம்பில் வைத்தாள். “புடிங்க,” என்றாள். கண்ணாத்தாள் கை நீட்டி வாங்கினாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் இறங்கின.

காலி டிரெய்லரோடு திரும்பும்போது கரையில் சில இடங்களில் தண்ணீர் ஏறியிருந்தது. தெருவில என்னக்கா சொல்லப் போறீங்க என்று மதிவதனி கேட்டாள். நீலாம்பாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நடுத்தெரு முனையில் குடங்களுக்காகக் கூட்டம் நின்றிருந்தது. முன்னால் துரைராசு. தொட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே நீலாம்பாள் இறங்கிவிட்டாள். வெறும் கையோடு புருஷனுக்கு நேராகப் போய் நின்றாள்.

“எல்லாத்தையும் குடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுல அண்டா இருக்குல்ல, நம்ம பாதித் தண்ணிய புடிக்க அதைத் தூக்கிட்டு வாங்க.”

துரைராசு அசையவில்லை. மதிவதனி இன்ஜினை அணைக்காமல் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் பிரிந்து அண்டா எடுக்கத் தன் வீட்டுக்குள் போனாள்.