ஃபியூஸ் கட்டை யார் பையில்

ஒயரிங் வகுப்பு டீச்சர் பன்னிரண்டு வருடம் கட்டடங்களில் வேலை பார்த்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். அவருக்குச் சரிக்குச் சரியாக ஒரு மாணவி வாய்த்தாள். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே அறையில்.

அந்தப் பெண் எந்த ஒயரையும் தொடமாட்டாள். பழைய வாத்தியார், "கரண்ட் இல்ல, சும்மா தொடு" என்று தொடவைத்து, அவளுக்கு ஷாக் அடித்ததும் வகுப்போடு சேர்ந்து சிரித்திருக்கிறார். வாத்தியாராம்! சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேருமா? செய்முறைத் தேர்வுக்கோ மூன்று வாரம்தான் இருந்தது. அதைச் செய்யாவிட்டால் அவள் படிப்பு அதோடு சரி.

"நான் அவர மாதிரி இல்லம்மா, என்ன நம்பு" என்றார் டீச்சர் முதல் நாள்.

"அவரும் இதேதான் சொன்னாரு."

டீச்சருக்குச் சுருக்கென்றது. அன்றோடு 'நம்பு' என்று சொல்வதையே விட்டார். வேலையிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒயரைத் தொடப்போகிறவரே ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அடுத்தவரிடம் கொடுக்கக் கூடாது; கட்டை இல்லாமல் வேறு யாரும் கரண்ட் விட முடியாது. மறுநாள் ஃபியூஸ் பெட்டியைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"நீயே புடுங்கு, நீயே வச்சுக்க. கரண்ட் இருக்கான்னு டெஸ்டர் வச்சும் பாரு. என் டெஸ்டர் வேணாம்னா உன்னுது கொண்டு வா."

சொந்த டெஸ்டரோடு வந்தாள். முதல் வாரம் சோதித்துப் பார்ப்பதோடு சரி. "இவளோட எதுக்கு மல்லுக்கட்டுறீங்க?" என்று பக்கத்து வகுப்பு சார் கேட்டார். டீச்சர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் பெட்டியைத் திறந்தார், தினமும் தள்ளி நின்றார். இரண்டாம் வாரம் அவள் ஒரு சுவிட்சை இணைத்தாள். மூன்றாம் வாரம் ஒரு போர்டு முழுதும் முடித்தாள்.

தேர்வன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "மெயின ஆஃப் பண்ணிட்டேன், ஆரம்பிம்மா" என்றார். அவள் நேரே போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு டெஸ்டரை எடுத்தாள்.

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல சார்."

தேர்வாளர் முகம் சிவந்து டீச்சர் பக்கம் திரும்பினார்.

"என்மேலயும்தான் இல்ல சார்" என்றார் டீச்சர் அசராமல். "பாக்காம தொட்டாள்னா மார்க்கக் குறைங்க."

ஒரு மணி நேரத்தில் அவள் போட்ட விளக்கு எரிந்தது.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள், "டீச்சர், நீங்க உள்ள சொன்னது தப்பு."

"எது?"

"உங்கமேல நம்பிக்கை இல்லன்னீங்களே, அது."

டீச்சர் கேட்டார், "அப்போ நாளைக்கு நான் சொன்னா பாக்காம தொடுவியா?"

"மாட்டேன்."

"தொட்டுப் பாரு, தோல உரிச்சுடுவேன்!" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.