ஆம்புலன்ஸ் அறைக்கு மேசை போட்ட கதை

மற்றவர்கள் எப்படி உட்கார வேண்டும் என்று நாள் முழுக்க நின்றுகொண்டே யோசிப்பதுதான் என் தொழில். ஆபீஸ் நாற்காலியிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் அன்பர்களே, உங்களில் பாதிப் பேரை அப்படி ஆக்கியது என்னைப் போன்ற ஆள்தான். மன்னித்துவிட்டு மேலே படியுங்கள்.

மேசைக்கு அளவு

எண்பதுகளில் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்னக் கம்பெனியில் மேசை நாற்காலிகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனை, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையைப் புதிதாக மாற்றித் தரச் சொன்னது. அங்கே பதினெட்டு வருடமாக டெலிபோனும் வயர்லெஸ்ஸும் பார்த்தவர் செல்வமணி அக்கா. பழைய மேசையில் டெலிபோன் இந்தக் கோடியில், மைக் அந்தக் கோடியில், சாலை வரைபடம் பின்சுவரில். ஒவ்வொரு அழைப்புக்கும் எழுந்து, எட்டி, திரும்பி அவருக்குக் கழுத்தும் தோளும் போய்விட்டன. புது மேசை போட்டு ஒரு மாதத்தில் சமாளிக்க முடியாவிட்டால், அவரைக் கோப்பறைக்கு மாற்றிவிடுவதாகத் தலைமைத் தாதியான மேட்ரன் சொல்லியிருந்தார். அக்காவுக்கோ அந்த வேலைதான் உயிர்.

எங்கள் ஆபீசில் இருந்த அளவுப் புத்தகம் ஆறடி வெள்ளைக்காரர்களை வைத்து எழுதியது. அதை மூடி வைத்துவிட்டு டேப்போடு நேரில் போனேன். கேன்டீனில் ஆறு ஆபரேட்டர்களையும் உட்கார வைத்து முழங்கால், முழங்கை, கண் உயரம் என்று ஒன்று விடாமல் அளந்தேன். அக்கா கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "என்ன தம்பி, தையக்காரன்கூட இவ்வளவு அளவு எடுக்க மாட்டான் லா. தீபாவளிக்கு எனக்கு மேசையா தைக்கப் போறீங்க?"

கம்பளம்

அக்காவுக்கு ஒன்று, மற்ற ஐவரும் முறை வைத்து உட்கார ஒன்று என்று இரண்டு மேசைகள் வந்து இறங்கின. டெலிபோன் இடது கைக்கு, வரைபடம் கண்ணுக்கு நேரே கண்ணாடிக்கு அடியில், மைக்கை இயக்கக் காலடியில் ஒரு மிதி. சத்தம் எதிரொலிக்கக் கூடாதென்று தரைக்குப் பச்சைக் கம்பளமும் விரித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாளே போன். நாற்காலியை இறக்கினால் மேசை நெஞ்சுக்கு வருகிறதாம். ஏற்றினால் கால் தொங்குகிறதாம். அக்காவின் தோள்வலி கூடிவிட்டதாம். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஆறு பேரையும் மறுபடி அளந்தேன். எல்லோரும் ஓர் அங்குலம் குறைந்திருந்தார்கள். அக்கா இரண்டு அங்குலம்!

விடை வாசலில் வரிசையாகக் கிடந்தது. பழைய சிமெண்டுத் தரையில் எல்லோரும் காலணியோடுதான் இருந்தார்கள். கேன்டீனில் நான் அளந்ததும் காலணியோடு. கம்பளத்தைப் பார்த்த அன்றே அத்தனை பேரும் வெளியே கழற்றிவிட்டார்கள், அக்கா தன் குதி உயர்ந்த செருப்பு உட்பட. இனிமேலாவது போட்டுக்கொள்ளுங்களேன் என்று கெஞ்சினேன். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்து என்னைவிட நன்றாகத் தமிழ் பேசும் மலாய் ஆபரேட்டர் ஹமீட் என் காலையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இவ்வளவு அழகா கார்பெட் போட்டுட்டு, அதுமேல சப்பாத்தோட நிக்கிறீங்களே பாஸ், உங்களுக்கு மனசு வருதா?"

திருக்கை மீன்

சப்பாத்தைக் கழற்றினேன். மேசைக் கால்களை அறுத்தேன். ஒரு மேசைக்கு ஓர் அங்குலம், அக்காவின் மேசைக்கு இரண்டு. அடுத்த புகார், மிதி. சப்பாத்துக் காலுக்கென்று செய்த இரும்பு, ஏர்கோன் குளிரில் வெறுங்காலில் சில்லிட்டது. ஹமீட் மிச்சமிருந்த கம்பளத்தில் ஒரு துண்டை வெட்டி அதன்மேல் ஒட்டிவிட்டார்.

அது சுகமாக இருந்ததுதான் வினை. அக்காவின் பாதம் மிதியிலேயே ஓய்வெடுக்க ஆரம்பித்தது. ஒரு மத்தியானம் அவர் ஹமீட்டுக்குத் திருக்கை மீன் குழம்பு வைக்கும் முறையை விளக்க, அது பண்டமாரான் வரைக்கும் எல்லா ஆம்புலன்சிலும் ஒலிபரப்பானது. மிதி அழுந்தியிருக்கும்வரை டிரைவர்களால் பதில் பேச முடியாது. கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். கடைசியில் அக்கா காலை எடுத்ததும் டிரைவர் முனியாண்டியின் குரல் வந்தது: "அக்கா, புளி எவ்வளவுன்னு சொல்லாமலே நிறுத்திட்டீங்களே!"

காப்பார்

மிதிக்கு விறைப்பான சுருள்வில்லும், பக்கத்தில் பாதம் வைக்க ஒரு பலகையும் போட்டேன். மாதக் கடைசியில் மேட்ரன் வந்து அக்காவின் பின்னால் நின்றார். யாழ்ப்பாணத்து அம்மா, சிரிப்பை எண்ணித்தான் செலவழிப்பார்.

அந்த நேரம் பார்த்துக் கிள்ளானை அடுத்த காப்பாரிலிருந்து அழைப்பு. மனைவிக்குப் பிரசவ வலி, புருஷன் பதறுகிறார். போன முனியாண்டியோ எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்குள் வழி தெரியாமல் சுற்றுகிறார். அக்கா இடது கையில் டெலிபோன், வலது கை விரல் வரைபடத்தில், கால் மிதியில். "அண்ணே, வீட்டு முன்னால என்ன இருக்கு? நீலத் தண்ணித் தொட்டியா? வாசல்ல துண்டை ஆட்டிக்கிட்டு நில்லுங்க." உடனே காலை அழுத்தி, "முனியாண்டி, பாலம் தாண்டி ரெண்டாவது சந்து, நீலத் தொட்டி." கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ் கரகரத்தது: "ஏத்திட்டேன் அக்கா!" ஒரு மணி நேரம் கழித்துப் பிரசவ வார்டிலிருந்து சேதி வந்தது. பெண் குழந்தை, தாயும் நலம். ஹமீட் மேசையைத் தட்டித் தாளம் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை.

மேட்ரன் அதுவரை அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அக்காவின் தோளில் கையை வைத்தார்: "செல்வமணி, நீர் ஒருக்காகூட எழும்பேல்லை. கோப்பறைக்கு நான் வேற ஆளைத்தான் பார்க்கோணும்."

மேசையைப் பற்றி அன்றைக்கு ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது சரியாக அமைந்துவிட்டது என்பதற்கு எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய நற்சான்றிதழ் கிடையாது.