மருந்துக்கு முந்தைய அப்பா

வீட்டுக்குப் போன் செய்து அப்பா எடுத்தால் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "இரு, அம்மாகிட்டத் தாரேன்." நான் வடக்கே படிக்கப் போன காலத்திலிருந்து இதுதான் வழக்கம். எனக்குக் காய்ச்சல் என்றாலும் அதுதான், முனைவர் பட்டம் கிடைத்துவிட்டது என்று சொல்லக் கூப்பிட்டபோதும் அதுதான். நான் அதைக் குறையாக நினைத்ததில்லை. சில வீடுகளில் கதவு கிறீச்சிடும், எங்கள் வீட்டில் அப்பா இப்படிச் சொல்வார், அவ்வளவுதான்.

அப்படி இருந்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைக் கொடுக்கவில்லை.

"சோறுண்டாச்சா?" என்றார். ஆச்சுங்கப்பா என்றேன். "என்ன கொழம்பு?" என்றார். அதையும் சொன்னேன். "உங்க லேபுல ஏசியப் போட்டு வெறைக்க உட்டுருவாங்களே, சொட்டர் கிட்டர் வெச்சிருக்கறியா கண்ணு?" என்று கேட்டபோது, நான் போனைக் காதிலிருந்து எடுத்து எண்ணைச் சரிபார்த்தேன். அவர் என்னைக் கண்ணு என்று அழைத்து எனக்கு நினைவே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கடைக்கு வரும் பெண்கள், எல்லாரும் எங்கள் பக்கத்தில் கண்ணுதான். அப்பாவின் வாயிலிருந்து மட்டும் அந்தச் சொல் எனக்கு வந்ததில்லை.

அம்மா போனை வாங்கியதும், "என்னாச்சுங்கம்மா அப்பாவுக்கு?" என்றேன்.

"அதைத்தான் நானும் பாத்துட்டிருக்கறேன். நேத்து ரசம் நல்லாருக்குதுன்னாங்க. எனக்கு மொகத்த எங்க வெக்கறதுன்னே தெரியல."

அப்பாவுக்கு நடுக்குவாதம். சோமனூர்ப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வலது கை தாளம் போடத் தொடங்கியதும் பட்டறையைத் தெரிந்தவரிடம் விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார். கோவையில் நரம்பு மருத்துவரிடம் காட்டினோம். அவர் கொடுத்த மாத்திரையில் கை அடங்கியது. சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். நாங்கள் சந்தோஷமாக இருந்தோம், பிறகுதான் இந்தப் பேச்சு வந்தது.

சந்தோஷமாகவே இருந்திருக்கலாம். ஆனால் என் பிழைப்பு அப்படி. நான் இப்போது வேலை பார்ப்பது, ஊரிலிருந்து ஓர் இரவுப் பேருந்துத் தூரத்தில், மூளைக்கான மருந்துகளை ஆராயும் இடத்தில். மூளையில் டோப்பமின் என்று ஒன்று சுரக்கிறது. அது போய் உட்கார நரம்பு செல்களின் மேல் ஏற்பிகள் உண்டு. அது உட்கார்ந்ததும் செல்லைச் சுற்றிய சவ்வில் உள்ள மிகச் சிறிய வாசல்கள் திறக்கும், அவை வழியாக அயனிகள் நகரும். அந்த நகர்வுதான் மின்னோட்டம். தலைமுடியைவிட மெல்லிய முனையுள்ள கண்ணாடிக் குழாயை ஒற்றைச் செல்லில் ஒட்டவைத்து அந்த மின்னோட்டத்தை அளப்பேன். அப்பா கட்டிய மோட்டாரை ஓட்டும் மின்சாரம் எங்கே, இது எங்கே. இதற்குச் சம்பளம் தருகிறார்களா என்று அவர் ஒருமுறை அம்மா வழியாகக் கேட்டிருக்கிறார்.

அவருக்குக் கொடுத்த மாத்திரை, டோப்பமின் வேஷம் போட்டு ஏற்பியில் உட்காரும் வகை. ஏற்பிகளில் அண்ணன் தம்பி போல இரண்டு இருக்கின்றன. அண்ணன் கைகாலை அசைக்கும் பகுதியில் அதிகம், தம்பி ஆசை எழும் பகுதியில் அதிகம். மாத்திரைக்கு ஆள் அடையாளம் தெரியாது, இரண்டிலும் உட்காரும். அண்ணனிடம் மட்டும் போகிற மருந்து ஒன்றைத்தான் எங்கள் குழு தேடிக்கொண்டிருக்கிறது. இதுவரை கிடைத்தபாடில்லை.

ஆகவே அப்பா என்னைக் கண்ணு என்றதும் எனக்கு வந்த முதல் எண்ணம், இது தம்பி ஏற்பியின் வேலை என்பதுதான். எந்த மகளுக்காவது இப்படித் தோன்றுமா? அதன் பிறகு வாராவாரம் ஊருக்குப் போனேன். அவர் பேசினார், நான் கேட்டேன், ஆனால் முழுதாகக் கேட்கவில்லை. சமையலறைக்குள் போய், "மாத்திரை எப்பங்க போட்டாங்க?" என்று அம்மாவிடம் விசாரித்துவிட்டு வந்து உட்காருவேன். மாத்திரை போட்டு வெகுநேரம் ஆன பின்னும் அவர் பேசினால் மனசு லேசாகும். போட்ட கையோடு பேசினால் சப்பென்று ஆகிவிடும். அம்மா ஒரு நாள் கரண்டியை வைத்துவிட்டு, "உங்கப்பனாச்சும் பரவால்ல, உனக்குத்தான் என்னமோ ஆயிப்போச்சு" என்றாள்.

பேச்சோடு நின்றிருந்தால் யாரும் மருத்துவரிடம் ஓடியிருக்க மாட்டோம். அப்பா மோட்டார்களைக் கழற்ற ஆரம்பித்தார். முதலில் மிக்ஸி. பிறகு மேசை விசிறி. பிறகு கிரைண்டர். பழுது எதுவும் இல்லை. கழற்றுவார், துடைப்பார், திருகாணிகளைச் செய்தித்தாளில் அளவு வாரியாக அடுக்குவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார். இடையில் சாப்பிடக் கூப்பிட்டால் கோபம் வரும். நான் போனால் மட்டும் பக்கத்தில் உட்காரச் சொல்லித் திருகாணிகளைக் கையில் கொடுப்பார். முதன்முதலில் தான் கட்டிய மோட்டார் புகைந்துபோக, அதைச் சாக்கில் சுற்றி யாருக்கும் தெரியாமல் கிணற்றில் போட்ட கதையை அப்படித்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கதை சொல்வது அப்பாவா மாத்திரையா, எதை நம்புவது என்று விளங்கவில்லை.

ஊர்க்கோயில் நோம்பித் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்திருந்த அன்று காலையில் போர்வெல் மோட்டாரைக் கழற்றிவிட்டார். வீடு நிறைய ஆட்கள், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அம்மா பக்கத்து வீடுகளுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அடுத்த வாரமே மருத்துவரிடம் போனோம்.

மருத்துவர், "வேற எதுனா மாற்றம் தெரியுதுங்களா?" என்று கேட்டார். சொல்ல வேண்டியவள் நான். இந்த மாத்திரை இப்படிச் செய்யும் என்று அந்த அறையில் அவருக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவள் நான்தான். ஆனால் வாய் வரவில்லை. சொன்னால் அளவைக் குறைப்பார்கள். குறைத்தால் மோட்டார் பிழைக்கும். அதோடு கண்ணுவும் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அவளே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"சில பேருக்கு இந்த மாத்திரை இப்படிப் பண்ணுங்க. கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சரலாம். நீங்களா நிறுத்திப்போடாதீங்க" என்றார் மருத்துவர். அப்பா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவை ஆடாமல் இருந்தன.

அன்று மாலை வீட்டில் கிரைண்டர் மறுபடி செய்தித்தாளில் கிடந்தது. நான் போய் உட்கார்ந்தேன். அவர் திருகாணி ஒன்றைத் துடைத்தபடியே கேட்டார்.

"மாத்திரையக் கொறைச்சா பேச்சும் கொறைஞ்சுருமா அம்மணி?"

"தெரியலீங்கப்பா."

"நீ இதைத்தான படிக்கறே?"

"படிச்சும் தெரியலீங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "எனக்கே தெரியுது, நான் நெம்பப் பேசறேன். நல்லாத்தான் இருக்குது. எதுனா கேக்கோணும்னா இப்பவே கேட்டுக்க. அப்பறம் நான் எப்பிடி இருப்பனோ."

நாள் பூராவும் கேள்வி கேட்டே வயிறு வளர்ப்பவள், ஒரு கேள்வியும் அகப்படாமல் விழித்தேன். கடைசியில் எங்கிருந்தோ ஒன்று வந்தது. வடக்கே படிக்க என்னை அனுப்பிய நாள். கோவை ரயில் நிலையத்தில் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு அப்பா இறங்கிப் போய்விட்டார். ரயில் கிளம்ப நேரம் இருந்தது. மற்ற அப்பாக்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஜன்னலில் அம்மா மட்டும்.

"என்னை ரயிலேத்த வந்தப்ப, வண்டி கெளம்பறதுக்குள்ள ஏனுங்கப்பா போயிட்டீங்க?"

இத்தனை நாள் ஓயாமல் பேசியவர், "அந்த ஸ்பேனரை எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். மாத்திரையாலும் திறக்க முடியாத வாசல் ஒன்று இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன், எனக்கு அழுகையாக வந்தது.

அளவைக் குறைத்தார்கள். எங்கள் வேலையில் இதைக் கழுவுதல் என்போம். மருந்து ஊற்றிய செல்லின் மேல் வெறும் கரைசலை ஓடவிட வேண்டும். மின்னோட்டம் பழைய அளவுக்கே திரும்பினால், நடுவில் நடந்தது மருந்தின் வேலை என்று எழுதிக்கொள்ளலாம். அதற்கு மருந்துக்கு முன்னால் அளந்த பழைய அளவு ஒன்று கையில் இருக்க வேண்டும். அது இல்லாத பதிவை நான் திரும்பியும் பார்க்க மாட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முகத்தில் அடித்தாற்போல் சொல்லியிருக்கிறேன்.

அப்பா கழுவப்பட்டார். கிரைண்டரை மாட்டியவர் மறுபடி கழற்றவில்லை. கை லேசாக ஆடத் தொடங்கியது, அதற்கு வேறொரு மாத்திரை சேர்த்தார்கள். பேச்சு வாரத்துக்கு வாரம் சுருங்கியது. முதலில் குழம்பு போனது, பிறகு ஸ்வெட்டர், பிறகு கண்ணு. போன் செய்தால் பழையபடி, "இரு, அம்மாகிட்டத் தாரேன்." பாடப் புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தமாகத் திரும்பியிருந்தார்.

அப்படியானால் அத்தனையும் மாத்திரைதானா? அப்பா என்று தனியாக எதுவும் இல்லையா? ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாயைப் பிடித்தபடி இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். மாத்திரைக்கு முந்தைய அப்பா எப்படி இருந்தார் என்று யோசித்தால் எதுவும் பிடிபடவில்லை. அவர் போனைக் கொடுத்தார், நான் அம்மாவுக்காகக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் அவரைக் கவனித்ததே இல்லை. அவரை அளக்காமலேயே அளந்ததாக நினைத்திருந்தேன் என்பது தெரிந்தபோது குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். அப்பாதான் எடுத்தார்.

"இரு, அம்மா..." என்று தொடங்கி நிறுத்தினார். எங்கோ பால்காரர் மணி அடிப்பது கேட்டது.

"அன்னைக்குக் கேட்டியே" என்றார்.

"எதுங்கப்பா?"

"ரயிலு. நான் போகல. பிளாட்பாரத்துப் பாலத்துக்கு மேல ஏறி நின்னுட்டேன். அங்கிருந்து பாத்தா உன்ற ஜன்னல் தெரிஞ்சுது. நீ வாழைப்பழத்த உரிச்சுத் தின்னுட்டிருந்தே. வண்டி போனதுக்கப்பறந்தான் எறங்குனேன்."

எனக்கு அந்த வாழைப்பழம் நினைவில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கி மேலே பார்க்கவே இல்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"இரு, அம்மாகிட்டத் தாரேன்" என்றார்.

போன் கை மாறியது. "சொல்லு கண்ணு" என்றாள் அம்மா. "என்ன பேச்சையே காணோம்?"