வாய் திறக்காத அணுக்கள்

எங்கள் வீட்டில் அண்ணிக்குப் பட்டப்பெயர் 'சீழ்'. அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த காலத்திலிருந்தே ஆய்வுக்கூடத்தில்தான் வேலை. யார் யார் புண்ணிலோ வடிந்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அதே கையால் பரிமாறுவார். "கழுவிட்டுத்தானே வரேன்" என்பார். கழுவினால் மட்டும்? எனக்குக் குமட்டும். அவர் வேலைப் பேச்சை எடுத்தாலே தட்டோடு எழுந்துவிடுவேன்.

என் மகளுக்கு அக்குளில் கட்டி மேல் கட்டியாகக் கிளம்பியபோது அந்த அண்ணியிடம்தான் போய் நின்றேன். உடைந்து வடிந்த நாற்றத்துக்குப் பெற்றவளே மூக்கைப் பொத்திக்கொண்டேன், சீ!

"இவ வெள்ளையணு கிருமியை முழுங்குதான்னு பாத்துடலாம்" என்று வீட்டிலேயே ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். கிருமிக்குப் பதில் ஈஸ்ட்டை அணுக்களுக்குத் தீனியாகப் போட்டாராம். ஒன்றுகூட வாய் திறக்கவில்லையாம். பிறவிக் கோளாறாக இருக்கலாமாம். எனக்கு உயிரே போய்விட்டது.

மறுநாள் காலை தன் பையைத் திறந்தவர் உள்ளே மிச்சமிருந்த குழாய்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, ஊதா மூடிக் குழாயில எடுத்துத் தொலைச்சிருக்கேன்!"

"அதனால என்ன அண்ணி?"

"ரத்தம் உறையாம இருக்க அதுல ஒரு மருந்து இருக்கும்மா. கால்சியத்தைக் கெட்டியா பிடிச்சு வெச்சுக்கும். தீனி வந்து ஒட்டினதும் அணுவுக்குள்ள கால்சியம் குபுக்குனு ஏறணும். அப்பதான் நொதிங்க முழிச்சுக்கும், தோல் நீண்டு தீனியை வளைக்கும். கால்சியத்தைப் பறிச்சுட்டா அது எப்படி முழுங்கும்?"

"இதைச் சொல்லவா ராத்திரி பூரா என்னை அழவிட்டீங்க?" என்று கத்தினேன். கால்சியத்தைத் தொடாத வேறு மருந்து போட்ட பச்சை மூடிக் குழாயைத் தேடி எடுத்தார். இரண்டாவது ஊசிக்கு மகள் என் கையைக் கடித்துவிட்டாள்.

இந்த முறை அவரை நம்பாமல் நானும் கூடவே போனேன். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததுமே புளித்த வாடை. திரையில் என் மகளின் அணு ஒன்று, கோழை மாதிரி வழிந்து வழிந்து நகர்ந்தது. ஈஸ்ட் மேல் இடித்தது. கால்சியம் ஏறினால் ஒளிரும்படி சாயம் கலந்திருந்தார்கள். அது சட்டென்று பச்சையாக மின்னியது. பிறகு உதடு மாதிரி இரண்டு பக்கமும் பிதுங்கி, தீனியைச் சுற்றி மெல்ல வழிய ஆரம்பித்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஒத்துக்கலைன்னா அணைச்சுடட்டுமா?" என்று அண்ணி கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இருங்க அண்ணி. அது இன்னும் முழுங்கி முடிக்கல."