மலை பிரியும் இடத்தில் உட்கார்ந்தவள்

என் மகன் யோசுவாவுக்கு ஒரு வயது நிறையும் முன்னே, ஓர் ஐப்பசி மாதத்தில், கடும் ஜுரம் கண்டு இழுப்பு வந்தது. கை கால் விறைத்துக் கண் மேலே செருகியது. அவனுக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளை இதே இழுப்பில்தான் மண்ணுக்குக் கொடுத்திருந்தோம். மூன்றாவதும் போய்விடும் என்றே நினைத்தேன்.

சபையாரே, அந்த நாளில் கர்த்தர் எங்களுக்குச் செய்ததை நம் கூட்டத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு அது மனப்பாடம். ஆனால் நான் சொன்னதில் ஒரு பகுதி உண்மையல்ல. கண் தெரியும்போதே அதைத் திருத்தி எழுதிவிட வேண்டும்.

அப்போது நான் பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரருக்கு எழுத்து வேலை பார்த்தேன். கோட்டைக்கு மரம் வெட்டும் இடத்தை மேற்பார்க்க என்னைக் கம்பாக்கத்து மலைக்கு மேற்கே அனுப்பினார்கள். என் மனைவி சாராளும் பிள்ளையும் கூட வந்தார்கள். அவள் தம்பி தாவீது துணைக்கு வந்தான். மலையடிவாரத்தில் ஓர் ஓலைக் குடிசையில் இருந்தோம்.

பொழுது விடியும்போது பிள்ளைக்கு முதல் இழுப்பு வந்தது. சற்று நேரத்தில் மறுபடியும் வந்தது. கோட்டை வைத்தியரிடம் இதற்கு மருந்து இருந்தது. எங்கள் தெருப் பிள்ளை ஒன்று அதில் பிழைத்ததைப் பார்த்திருந்தேன். ஆனால் எங்களுக்கும் கோட்டைக்கும் நடுவே மலை நின்றது.

போக இரண்டு வழி. மரவண்டியில் மலையைத் தெற்கே சுற்றி, எளாவூர்ப் பக்கம் ஏரிக்கரையை அடைந்து, தோணி பிடிக்கலாம். அது நீண்ட வழி. இல்லையென்றால் மலையேறி முகட்டோடு நடந்து கிழக்கே இறங்கலாம். பாதி நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். நாங்கள் யாரும் அந்த முகட்டில் நடந்ததில்லை. ஆனால் பிறந்த நாள் முதல் எங்கள் ஊரான பழவேற்காட்டிலிருந்து அதைப் பார்த்தவர்கள். ஊரிலிருந்து பார்த்தால் அது பலகை வைத்தது போல ஒரே கோடு. அதன் மேல் வண்டியே ஓட்டலாம் என்று தோன்றும்.

மரம் வெட்டுகிறவர்களில் ஒருவர் தடுத்தார். "முகட்டு மேல ஒதுங்க ஒரு மரம் கெடையாது சாமி. இந்த மாசத்துல காத்து ஆளைத் தூக்கினு பூடும். நாங்களே போ மாட்டோம்."

"உங்களுக்குப் பிள்ளை இழுத்துக்கொண்டு கிடந்தால் தெரியும்" என்று சொல்லிவிட்டு, முழங்காலிட்டு ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. "ஆண்டவரே, முகட்டு வழியே போகிறேன், கூட வாரும்" என்றேன். எந்த வழி என்று நான் கேட்கவில்லை. தீர்மானம் பண்ணிவிட்டு அவருக்குத் தகவல் சொன்னேன். சாராள் பிள்ளையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

ஏற்றம் கடினம். தாவீது கஞ்சிக் கலயத்தைச் சுமந்து வந்தான். "ஏரியில நண்டு பொறுக்கினு இருந்தவனை ஆடு மாதிரி மேல ஏத்திட்டியே மாமா" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முகட்டை அடைந்தபோது மரங்கள் நின்றுபோயின. இரண்டு பக்கமும் சரிவு. நடுவே வழுக்கும் புல்லும் பாறையுமாக ஒரு வரப்பு. நிமிர்ந்து நின்றால் காற்று தள்ளியது. கொஞ்ச தூரம் போனதும் கிழக்கிலிருந்து மேகம் வந்து மூடியது. முன்னால் நடந்த தாவீதின் முதுகு மட்டும் தெரிந்தது. நான் வேகமாக நடக்கச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் சாராள் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏந்திரு."

"நான் வரலை."

"இன்னா வரலை? பிள்ளை எப்படி இருக்குது பாரு!"

"பாத்துனுதான் இருக்கேன். நீ ஒண்ணு சொல்லு. ஊர்லேந்து பாத்தா இந்த மலை ஒரே கோடு. தோணி வடக்கால போனா இன்னா ஆவும்?"

நம் ஊருக்கு வெளியே உள்ளவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியில் வடக்கே போகப் போக அந்த ஒரே கோடு நடுவில் விலகி இரண்டு தலையாகும். அது பிரிகிற இடத்தில்தான் நல்ல இறால் கிடக்கும். "மலை பிரிஞ்சிச்சு!" என்று ஒருத்தி குரல் கொடுப்பாள். தோணியில் உள்ள பெண்கள் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடித்து அதில் போடுவார்கள். சாராள் கல்யாணத்துக்கு முன் அப்படிப் பிடித்தவள். என் தாயும் அப்படிப் பிடித்துத்தான் என்னைப் படிக்க அனுப்பினாள். இந்த அடையாளம் மலையில் நின்ற எங்கள் மூவருக்குமே தெரியும். ஏரிக்காரர்களுக்கு அது தண்ணீரில் இடம் பார்க்கும் குறி. அந்தக் குறியின் மேல் ஒரு நாள் நடப்போம் என்று யார் நினைத்தது?

சாராள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவளே சொன்னாள். "ரெண்டா பிரியுது இல்ல? அப்போ நடுவுல இன்னா இருக்கும்? அந்த நடுவுக்குத்தான் நம்மளை இட்டுனு போறே."

அது சரி என்று கேட்ட உடனே எனக்குப் பட்டது. சரி என்று பட்டதனாலேயே கோபம் வந்தது. மச்சான் எதிரில் மனைவி என்னை நிறுத்திவிட்டாள். நான் சொன்னதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. "ரெண்டைக் கொன்னது போதாதா? இதையும் கொல்லப் போறியா?" என்றேன்.

அவள் அழவில்லை. பிள்ளையின் தலையை முந்தானைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள். "கொல்லாம இருக்கத்தான் உக்காந்துனு இருக்கேன்" என்றாள்.

தாவீது என் முகத்தைப் பார்க்கவில்லை. தனியாக முன்னே சில அடி போய், ஒரு கல்லை எடுத்து மேகத்துக்குள் வீசினான். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. இன்னொன்று வீசினான். அதுவும் கேட்கவில்லை.

அப்போதுதான் காற்று மேகத்தைக் கிழித்தது. தாவீது நின்ற இடத்துக்கு அப்பால் புல் கீழ்நோக்கி வளைந்து, சட்டென்று இல்லாமல் போனது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், தொலைவில், மலையின் மற்றொரு தலை நின்றது. எங்கள் காலுக்குக் கீழே பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு மேகம் மறுபடியும் மூடியது. தாவீது கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து திரும்பி வந்தான்.

இறங்கினோம். மரவண்டி கிடைத்தது. வழியில் பிள்ளைக்கு மறுபடியும் இழுப்பு வந்தது. சாராள் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் வண்டியின் பின்னால் நடந்தபடி ஜெபித்தேன். இந்த முறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. "ஆண்டவரே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பின்னால் முகட்டின் மேல் மின்னல் மின்னலாக விழுந்தது. பெருமழை மலையை மறைத்தது. எங்கள் வண்டியின் மேல் தூறல்தான்.

எளாவூர்க் கரையில் ஒரு தோணி புறப்பட இருந்தது. பிள்ளையைப் பார்த்ததும் தோணிக்காரர் தன் சரக்கைக் கரையில் இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். கோட்டை வைத்தியர் மருந்து கொடுத்தார். ஜுரம் இறங்கியது. மலை மேல் அந்தக் குளிர்காற்றும் மழையும் பட்டிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்று அவரே சொன்னார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அந்தப் பிள்ளைதான் இன்று உங்கள் நடுவில் வேதம் வாசிக்கிற யோசுவா.

நான் சொல்லிவந்த சாட்சி உங்களுக்குத் தெரியும். முகட்டில் நான் ஜெபித்தேன், மேகம் விலகியது, கர்த்தர் எனக்குப் பள்ளத்தைக் காட்டினார், நான் குடும்பத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன் என்று. முகட்டில் நான் ஜெபிக்கவே இல்லை. மேகம் விலகுமுன் பதில் வந்துவிட்டது. அது சாராளின் வாயில் வந்தது. அவள் உட்கார்ந்திருக்காவிட்டால், மேகம் விலகும்போது பார்க்க நாங்கள் இருந்திருக்க மாட்டோம்.

அத்தனை முறையும் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்து தலை குனிந்து கேட்டாள். ஒரு ஞாயிறு வீட்டுக்கு வரும் வழியில் தாவீது சிரித்தான். "மாமா, உன் சாட்சியில எங்க அக்கா மலையே ஏறலை போல கீதே!"

"சும்மா வாடா, மீன் கொழம்பு ஆறிப்பூடும்" என்றாள் அவள்.

சென்ற மழைக்காலத்தில் சாராள் படுக்கையில் விழுந்தாள். ஒரு மாலை, அவளுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கேட்டேன். "மலையில நான் உன்னை ஒரு வார்த்தை சொன்னேன். ஞாபகம் இருக்குதா?"

"காத்து அடிச்சிச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கலை" என்றாள்.

கேட்காமலா அன்று பதில் சொன்னாள்? நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என் கையைத் தட்டி, விளக்கை ஏற்றச் சொன்னாள். மழை நிற்குமுன் கர்த்தரிடம் போய்விட்டாள்.

கர்த்தர் என் அகங்காரத்துக்குத் தக்கபடி எனக்குச் செய்யவில்லை. நான் கேட்காத கேள்விக்கும் பதில் கொடுத்தார். இப்போது ஜெபிக்கும்போது கொஞ்சம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் இழுப்பு வரும், வழி தெரியாத நாள் வரும். அவரிடம் போங்கள். அவர் கைவிடமாட்டார். எந்த வழி என்று கேளுங்கள். கேட்ட பிறகு வீட்டில் யாராவது "நான் வரலை" என்று உட்கார்ந்தால், கோபப்படுமுன் ஏன் என்று கேளுங்கள்.

நேற்று இதை யோசுவாவிடம் கொடுத்தேன். அவன் தாயைப் பார்த்து நான் சொன்ன வார்த்தை இருக்கும் இடத்தில் வெகுநேரம் நின்றான். என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். தாளை மடித்து வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழமை நானே படிக்கிறேன் நைனா" என்றான்.

படிக்கும்போது அவன் குரல் நின்றால், கொஞ்சம் பொறுத்திருங்கள்.